இரட்டைக் குண்டு ஜெர்மன் சுவர்க் கடிகாரம்: வாங்குமுன் எதைக் கழற்றிப் பார்ப்பது?

கேள்வி இதுதான். காரைக்குடியில் பழம்பொருள் விற்பவர் ஒருவர், "குஸ்தாவ் பெக்கர், வியன்னா ரெகுலேட்டர், 1860-ஆம் வருஷம், இரண்டு குண்டு, எல்லாம் ஒரிஜினல், ஓடுகிறது" என்று சொல்லி ஒரு சுவர்க் கடிகாரத்தை விற்க வைத்திருக்கிறார். (குண்டு என்பது கயிற்றில் தொங்கி, தன் எடையால் கடிகாரத்தை ஓட்டும் கனமான உருளை.) மெஷினின் பின்தகட்டில் நங்கூர முத்திரையும் 78-ல் தொடங்கும் ஆறு இலக்க எண்ணும் இருக்கின்றன. நம்பி வாங்கலாமா, எதைப் பார்க்க வேண்டும், எப்படி மாட்டுவது, சிங்கப்பூரில் இருக்கும் தம்பிக்கு அனுப்ப முடியுமா?

முதலில் வருஷம். 1860 என்பது நிச்சயம் தப்பு. பெக்கர் வியன்னாவில் வேலை பார்த்துவிட்டு வந்து, 1847-ல் சிலேசியாவின் ஃப்ரைபுர்க்கில் தொழில் தொடங்கியவர். அந்த ஊர் இன்று போலந்தில் இருக்கிறது, பெயர் ஷ்வியெபொஜீட்ஸே. அவருடைய கடிகாரங்களின் தொடர் எண் 1875-ஐ ஒட்டித்தான் ஒரு லட்சத்தைத் தொட்டது, 1885-ஐ ஒட்டி ஐந்து லட்சம், 1892-ஐ ஒட்டி பத்து லட்சம் என்று சேகரிப்பாளர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். 78-ல் தொடங்கும் ஆறு இலக்கம் என்றால் 1890-ஐ ஒட்டியது. பெக்கர் இறந்ததே 1885-ல். ஆகவே இது அவர் கைபட்ட கடிகாரம் அல்ல, அவர் பெயரில் நடந்த தொழிற்சாலையின் சரக்கு. அதனால் மட்டமில்லை. அந்தக் காலத்து பெக்கர் மெஷின் நல்ல மெஷின். ஒரே ஒரு எச்சரிக்கை: பொஹீமியாவின் பிரௌனாவில் இருந்த அவர்களின் கிளைத் தொழிற்சாலை தனி எண் வரிசை வைத்திருந்தது. தகட்டில் பிரௌனாவ் என்று இருந்தால் மேலே சொன்ன கணக்கு செல்லாது.

"வியன்னா ரெகுலேட்டர்" என்பதும் பாதி உண்மைதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பாதியில் வியன்னாப் பட்டறைகளில் ஒவ்வொன்றாகச் செய்த ஒற்றைக் குண்டுக் கடிகாரங்கள் வேறு இனம்: மெல்லிய பெட்டி, மூன்று பக்கமும் கண்ணாடி, மணி அடிக்காது, நேரம் மட்டும் காட்டும். அவற்றின் விலையே வேறு. அந்த வடிவத்தைப் பார்த்து பெக்கர், லென்ஸ்கிர்ஷ் போன்ற ஜெர்மன் தொழிற்சாலைகள் லட்சக்கணக்கில் செய்தவைதான் நம் ஊர்ப் பெரிய வீடுகளில் தொங்கியவை. கடைந்த தூண்களும் தலையில் கிரீடம் மாதிரி முகப்பும் இருந்தால் அது 1875-க்குப் பிந்தைய ஜெர்மன் பாணி. உங்கள் எண்ணோடு அது ஒத்துப்போகிறது. பெட்டியில் தூண்கள், விற்பவர் வாயில் 1860 என்றால் இரண்டில் ஒன்று பொய்.

கடிகாரம் குண்டால் ஓடுகிறதா, ஸ்பிரிங்கால் ஓடுகிறதா என்பதையும் உறுதி செய்துகொள்ளுங்கள். ஸ்பிரிங் மெஷினுக்கு முன்னால் வெறும் அலங்காரத்துக்குக் குண்டு தொங்கவிட்டு விற்பதும் உண்டு. உண்மையான குண்டு மெஷினில் சாவித் துளைக்குப் பின்னால் கயிறு சுற்றும் பித்தளை உருளை தெரியும், அதன் மேல் திருகுபோல் வரித்தடம் இருக்கும். சாவி கைப்பிடி வைத்த சுழற்றுச் சாவி, பட்டாம்பூச்சிச் சாவி அல்ல. பெண்டுலத்தின் தட்டில் ஆர், ஏ என்று இரண்டு எழுத்துகள் பொறித்திருந்தால் சந்தேகப்படுங்கள். அது பெரும்பாலும் ஸ்பிரிங் கடிகாரத்தோடு வந்த பெண்டுலம்.

இனி முக்கியமான விஷயம். இந்த வகையில் முழுப் போலி குறைவு, ஒட்டுவேலைதான் அதிகம். ஒரு வீட்டுப் பெட்டி, இன்னொரு வீட்டு மெஷின், குண்டும் பெண்டுலமும் பழைய இரும்புக் கடையிலிருந்து. மூன்றும் பழசுதான், ஆனால் மூன்றும் ஒன்றுக்கொன்று சொந்தமில்லை. சேகரிப்பாளர் விலை கொடுப்பது இந்தச் சொந்தத்துக்குத்தான். அதைக் கண்டுபிடிக்கப் பார்க்க வேண்டிய இடம் டயல் அல்ல, பெட்டியின் பின்பலகை.

விற்பவரிடம் சொல்லி மெஷினை வெளியே எடுக்கச் சொல்லுங்கள். இரண்டே நிமிட வேலை. முதலில் குண்டுகளை இறக்க வேண்டும், பிறகு பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து கழற்ற வேண்டும், மெஷினுக்கு அடியில் இருக்கும் இரண்டு கைத்திருகுகளைத் தளர்த்தி மெஷினை முன்னால் இழுத்தால் வந்துவிடும். பின்பலகையில் மெஷினைத் தாங்கும் வார்ப்புத் தாங்கி இருக்கும், பெண்டுலம் தொங்குவதும் அதிலிருந்துதான். டார்ச் அடித்துப் பாருங்கள். தாங்கியைச் சுற்றிப் பழைய ஆணித் துளைகள் அடைக்கப்பட்டிருக்கின்றனவா? தாங்கி அளவுக்குப் பொருந்தாத வேறொரு நிழல் பலகையில் விழுந்திருக்கிறதா? நூறு வருஷம் ஒரே இடத்தில் இருந்த தாங்கிக்குப் பின்னால் மரம் நிறம் மாறாமல் வெளிறியிருக்கும், சுற்றிலும் கருத்திருக்கும். அந்த வெளிறலின் விளிம்பும் தாங்கியின் விளிம்பும் ஒன்றாக இருக்க வேண்டும். மணிச்சுருள் (சுத்தியல் அடித்து மணி ஒலிக்கும் கம்பிச் சுருள்) திருகப்பட்ட இடத்திலும் இதே சோதனை. ஒரு கூடுதல் துளைக்கு எவரும் கவலைப்பட வேண்டாம், பழுதுபார்த்தவர் போட்டிருக்கலாம். நான்கு துளைகள் வேறொரு சதுரமாகத் தெரிந்தால் அங்கே முன்பு வேறு மெஷின் இருந்தது என்று அர்த்தம்.

பெட்டியின் மரமும் பேசும். ஜெர்மன் பெட்டி பொதுவாக உள்ளே சாதாரண ஊசியிலை மரம், மேலே வால்நட் மெல்லுறை (வெனீர்), சில இடங்களில் கறுப்புச் சாயம். கதவின் உள்விளிம்பிலோ அடிப்பலகையிலோ அந்த உறையின் தடிமன் தெரியும். பெட்டி முழுக்கத் தேக்காக இருந்தால் அது நம் ஊர்த் தச்சர் செய்தது. அழகாகவே இருக்கலாம், ஆனால் "எல்லாம் ஒரிஜினல்" என்ற விலைக்கு அல்ல. பின்பலகை பிளைவுட்டாக இருந்தால் மேற்கொண்டு பேச எதுவுமில்லை. அடிப்பலகையையும் தடவிப் பாருங்கள். கயிறு அறுந்து குண்டு விழுந்த கடிகாரங்களில் அங்கே வட்டமாக நசுங்கிய தடமோ ஒட்டுப் பலகையோ இருக்கும். நொறுங்கிய மரப்பொடி கையில் ஒட்டினால் பூச்சி இன்னும் உயிரோடு இருக்கிறது. அந்தப் பெட்டியை வீட்டு மரச்சாமான்களோடு சேர்க்காதீர்கள்.

அடுத்தது பெண்டுலம். இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, கணக்குப் போட்டுத்தான் சொல்ல முடியும். ஆனால் கணக்கு எளிது, மாற்று பெண்டுலத்தை இதுபோல் காட்டிக்கொடுக்கும் சோதனை வேறில்லை. மெஷின் கையில் இருக்கும்போது மூன்று சக்கரங்களின் பற்களை எண்ணுங்கள்: நிமிட முள்ளைத் தாங்கும் நடுச்சக்கரம், அதற்கடுத்த சக்கரம், கடைசியில் நங்கூரத்தோடு (பெண்டுலத்தோடு சேர்ந்து ஆடி, சக்கரத்தைப் பல் பல்லாக விடும் நங்கூர வடிவத் துண்டு) சேரும் கூர்ப்பல் சக்கரம். இடையில் இருக்கும், பின்னியன் எனப்படும் இரண்டு சிறு பற்சக்கரங்களின் பற்களையும் எண்ணுங்கள். மூன்று சக்கரப் பற்களையும் பெருக்கி, அதை இரண்டால் பெருக்கி, பின்னியன் எண்ணிக்கை இரண்டின் பெருக்கலால் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கு எத்தனை டிக் என்று வரும். உதாரணத்துக்கு 80, 64, 30 பற்கள், பின்னியன்கள் எட்டு எட்டு. 80 × 64 × 30 × 2-ஐ 64-ஆல் வகுத்தால் 4,800. நிமிடத்துக்கு 80 டிக்.

இனி நீளம். நிமிடத்துக்கு 60 டிக் அடிக்கும் பெண்டுலம் தமிழ்நாட்டில் ஏறக்குறைய 99.1 செ.மீ. இருக்க வேண்டும். 60-ஐ 80-ஆல் வகுத்து, வர்க்கமாக்கி, 99.1-ஆல் பெருக்கினால் 55.7 செ.மீ. மேலே தொங்கும் மெல்லிய எஃகுத் தகடு வளையும் இடத்திலிருந்து பித்தளைத் தட்டின் நடு வரை அளந்தால் ஏறக்குறைய இது வர வேண்டும். தண்டின் எடையால் ஒன்றிரண்டு செ.மீ. வித்தியாசம் வரும், பரவாயில்லை. ஐந்து செ.மீ. தள்ளிப்போனால் அது வேறு கடிகாரத்தின் பெண்டுலம். தட்டை மேலே கீழே எவ்வளவு திருகினாலும் அந்தக் கடிகாரம் நேரம் காட்டாது. "கொஞ்சம் ஸ்லோவா ஓடும் சார், சரி பண்ணிக்கலாம்" என்பதற்குப் பல சமயம் இதுதான் பொருள்.

இந்தக் கணக்கு இன்னொரு சந்தேகத்தையும் தீர்க்கும். டயலில் இருக்கும் சின்ன நொடி முள்ளைக் கைப்பேசியோடு ஒப்பிட்டால் ஒரு சுற்றை 45 வினாடியில் முடிப்பதாகத் தெரியும். மெஷின் கெட்டுப்போகவில்லை. கூர்ப்பல் சக்கரத்தில் 30 பல், ஒரு சுற்றுக்கு 60 டிக், நிமிடத்துக்கு 80 டிக் என்றால் ஒரு சுற்று 45 வினாடிதானே. டயலில் 60 என்று அச்சடித்தது அழகுக்கு. ஜெர்மன் இரட்டைக் குண்டில் பெரும்பாலும் இப்படித்தான். உண்மையான நொடி காட்ட வேண்டுமானால் ஒரு மீட்டர் பெண்டுலமும் அதற்கேற்ற நெடிய பெட்டியும் வேண்டும்.

குண்டுகளுக்கு ஒரு சமையலறைத் தராசு போதும். இரட்டைக் குண்டுக் கடிகாரங்களில் குண்டு பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிலோ, இரண்டும் ஒரே எடை, ஒரே விட்டம். வெளியே பித்தளை ஓடு, உள்ளே ஈயமோ இரும்போ. ஒரு குண்டு மட்டும் முந்நூறு நானூறு கிராம் கூடுதலாக இருந்தால் மூடியைக் கழற்றிப் பாருங்கள். புதிதாக ஈயத்துண்டு போட்டிருப்பார்கள். தேய்ந்துபோன மெஷினைத் துப்புரவு செய்யாமல் எடையைக் கூட்டி ஓட வைப்பது பழைய தந்திரம். ஓடத்தான் செய்யும், ஆனால் தேய்ந்த துளைகளும் பற்களும் இன்னும் வேகமாகத் தேயும். நல்ல மெஷின் குறிப்பிட்ட எடைக்கும் குறைவிலேயே ஓடும் அளவுக்கு மிச்சம் வைத்துச் செய்யப்பட்டது. குண்டு தடிமனாக இருந்தாலும் சிக்கல்தான். பெண்டுலம் குண்டுக்குப் பின்னால் ஆடுகிறது, இரண்டுக்கும் நடுவில் அதிக இடைவெளி கிடையாது.

மெஷினின் உடல்நிலையைப் பார்க்க அதைப் பிரிக்க வேண்டியதில்லை. சாவியைச் செருகி முன்னும் பின்னும் மிக லேசாக அசைத்தபடி, தகட்டின் துளைகளுக்குள் அச்சு முனைகளைப் பாருங்கள். முனை சுழலலாம், பக்கவாட்டில் துள்ளக் கூடாது. துள்ளினால் துளை நீள்வட்டமாகத் தேய்ந்திருக்கிறது, புஷ் (துளைக்குள் இறுக்கும் சிறு பித்தளை வளையம்) போட வேண்டும். எத்தனை துளைக்கு என்பதைப் பொறுத்துச் செலவு. துளையைச் சுற்றி ஆணியால் குத்திய புள்ளிகள் தெரிந்தால் முன்பு ஒருவர் புஷ் போடச் சோம்பல்பட்டுப் பித்தளையை நெருக்கிவிட்டிருக்கிறார். அது ஆறு மாத வைத்தியம். துளையோரம் பச்சையும் கறுப்புமாகப் பசை கட்டியிருப்பது பழைய எண்ணெய். அந்தப் பசையில் சேர்ந்த தூசிதான் எஃகு முனையை அரம்போல் அராவுகிறது.

கூர்ப்பல் சக்கரத்தின் நுனிகளை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பாருங்கள். ஒரு பல் வளைந்திருந்தாலும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரே இடத்தில் டிக் தடுமாறும். நங்கூரத்தின் இரண்டு முகங்களில் பல் உரசிய பள்ளம் விழுந்திருக்கலாம். இதற்குப் பயப்பட வேண்டாம். இந்த வகை மெஷின்களில் பெரும்பாலும் அந்த முகங்கள் தனித்துண்டுகளாக, திருகு போட்டுப் பிடித்திருக்கும். கழற்றித் திருப்பிப் போட்டால் தேயாத முகம் கிடைக்கும். அதை விற்பவர் கடையில் எவரும் செய்ய வேண்டாம். ஆழம் அரை மில்லிமீட்டர் மாறினால் பற்கள் வழுக்கி ஓடி, நுனிகள் எல்லாம் போய்விடும்.

மணி அடிப்பதைச் சோதிக்கப் பன்னிரண்டு மணியையும் அடிக்கவிட்டே பார்க்க வேண்டும். நிமிட முள்ளை முன்னோக்கி மட்டும் நகர்த்தி, ஒவ்வொரு மணியிலும் அடித்து முடிக்கும்வரை காத்திருங்கள். பன்னிரண்டிலிருந்து ஒன்றுக்குப் போகும் இடம்தான் கண்டம். மணி எண்ணிக்கையைத் தீர்மானிக்கும் நத்தை வடிவத் தகட்டில் அங்கே செங்குத்தான படி இருக்கிறது. மணிப் பக்கக் குண்டு தரைதட்டி, நேரப் பக்கம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தால் அந்தப் படியில் கம்பி மாட்டிக் கடிகாரமே நின்றுவிடும். "12:40-க்கு நின்னுடுது" என்று யாராவது சொன்னால் முதலில் மணிக்குண்டைப் பாருங்கள், கடிகாரத்தை நாம் நேரே பார்க்கும்போது இடது பக்கத்துக் குண்டு அது. பாதிப் புகார் அங்கேயே தீர்ந்துவிடும். ஒலி தகரம் தட்டுவதுபோல் இருந்தால் சுத்தியலின் தோல் காய்ந்து இறுகியிருக்கிறது, அல்லது அடித்த பின்னும் சுத்தியல் சுருளைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. காசே செலவில்லாத வேலை.

டயல் எனாமலா என்று நகத்தால் தட்டிப் பாருங்கள், கண்ணாடி ஒலி வரும். சாவித் துளை ஓரங்களில் மயிரிழை விரிசல் இருப்பது சகஜம், விலையைச் சற்றே குறைக்கும், அவ்வளவுதான். சாவித் துளைக்கு நடுவில் சதுர முனை நிற்காமல் ஓரம் சாய்ந்திருந்தால் டயல் மாற்றப்பட்டது.

வாங்கிவிட்டீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வீட்டுக்கு வந்ததும் நம் கை முதலில் போவது புளிக்கு. வேண்டாம். குத்துவிளக்குக்குப் புளி சரி. கடிகாரத் தகட்டில் புளித்தண்ணீர் துளைகளுக்குள் இறங்கி, பித்தளைச் சக்கரத்தில் இறுக்கியிருக்கும் எஃகுப் பின்னியனைத் துருப்பிடிக்க வைக்கும். விளக்குப் பொடியின் மணல் துளையிலேயே தங்கிவிடும். அம்மோனியா கலந்த கழுவுநீரிலும் கவனம் வேண்டும். இழுவிசையில் இருக்கும் பித்தளையை அம்மோனியா விரிசல் விடச் செய்யும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரிட்டிஷ் படையின் தோட்டாக் கூடுகள் மழைக்காலத்தில் தாமாக விரிசல் விட்டதற்கே குதிரை லாயத்துச் சிறுநீரிலிருந்து வந்த அம்மோனியாதான் காரணம் என்று பின்னர் தெரிந்தது. சூடாக்காமல் அடித்து வளைத்த தோட்டாக் கூடு, கடிகாரச் சக்கரம் இரண்டும் பித்தளைதான். சில நிமிடக் கழுவல் வேறு, இரவெல்லாம் ஊறவைப்பது வேறு. மெஷினைப் பிரித்து, கழுவி, துளைகளைக் கூர்சீவிய மரக்குச்சியால் கறுப்பு வராத வரை துடைத்து, வெப்பக் காற்றில் உலர்த்துவதுதான் முறை. பிரிக்கத் தெரியாதவர் செய்ய வேண்டிய வேலை அல்ல.

எண்ணெய் விஷயத்தில் நம்மவர் தாராளம் அதிகம். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், துரு விடுவிக்கும் ஸ்பிரே மூன்றும் கூடாது. முதலாவது கட்டியாகும், இரண்டாவது துளையை விட்டு ஓடிவிடும், மூன்றாவது பழைய அழுக்கைக் கரைத்து எல்லா இடத்திலும் பூசிவிட்டு ஆவியாகும். கடிகாரத்துக்கென்றே விற்கும் செயற்கை எண்ணெய், ஊசி முனையில் ஒரு சொட்டு. துளையைச் சுற்றிய கிண்ணம் பாதி நிறைந்தால் போதும். நங்கூர முகத்தில் ஈரம் தெரிகிற அளவு, கப்பி அச்சில் ஒரு சொட்டு. பற்களில் எண்ணெயே கூடாது. பெட்டியின் வெனீர் எழும்பியிருந்தால் வெள்ளைப் பசை ஊற்றாதீர்கள். பழைய தச்சர்கள் பயன்படுத்திய வஜ்ஜிரம் (விலங்குத் தோலிலிருந்து காய்ச்சும் பசை) தான் அதற்கும் போட்டது. சூடும் ஈரமும் காட்டினால் அதே பசை மறுபடி பிடிக்கும், நாளை வேறொருவர் திரும்பக் கழற்றவும் முடியும்.

கயிற்றைக் கட்டாயம் மாற்றுங்கள், பார்க்க நன்றாக இருந்தாலும். குடல் நரம்போ அதுபோன்ற செயற்கை நரம்போ, உருளையின் வரித்தடத்தில் அடங்கும் தடிமன். இரும்புக் கம்பிக் கயிறு உருளையின் பித்தளையை அறுக்கும். குண்டு கப்பியில் தொங்குவதால் குண்டு ஒரு அடி இறங்கக் கயிறு இரண்டு அடி வேண்டும். எழுபது செ.மீ. இறங்கும் பெட்டிக்கு ஒன்றே முக்கால் மீட்டர் தேவைப்படும். இரண்டு மீட்டராக வெட்டி, கட்டிப் பார்த்து, மிச்சத்தை நறுக்குங்கள். முழுக்க இறங்கிய குண்டு அடிப்பலகையைத் தொடக் கூடாது. சாவி கொடுத்து மேலே வந்த கப்பி மெஷினைத் தாங்கும் பலகையில் முட்டக் கூடாது. சாவி கொடுக்கும்போது சறுக்குப்பல் (உருளை பின்னோக்கிச் சுழலாமல் தடுக்கும் பல்) 'கட் கட்' என்று தெளிவாக விழுகிறதா என்று கேளுங்கள். மழுங்கிய ஒலி வந்தால் நிறுத்திவிடுங்கள். அது விட்டால் குண்டு இறங்க, கைப்பிடிச் சாவி விரல் எலும்பில் அடிக்கும்.

மாட்டுவதில் அவசரம் கூடாது. பெட்டி, மெஷின், குண்டு எல்லாம் சேர்த்துக் கனமானது. சுவர்ப் பூச்சில் நிற்கிற ஆணி போதாது, செங்கல்லுக்குள் போகிற பிளக்கும் தடித்த திருகும் வேண்டும். முதலில் காலிப் பெட்டியை மட்டும் மாட்டி, தூக்குக்குண்டு விட்டு நேர் பாருங்கள். பின்பு மெஷின், பின்பு பெண்டுலம். மெஷினிலிருந்து கீழே வரும் கம்பியின் நுனி பெண்டுலத் தண்டின் துளையில் சரியாக உட்கார வேண்டும். கடைசியில்தான் குண்டு.

இப்போது தாளம். கடிகாரக்காரர்கள் பீட் என்பார்கள். பெண்டுலத்தைக் கையால் மெல்ல வலப்பக்கம் நகர்த்துங்கள். 'டிக்' கேட்ட இடத்தைப் பெட்டியின் அடியில் இருக்கும் அளவுகோலில் குறித்துக்கொள்ளுங்கள். இடப்பக்கமும் அப்படியே. நடுவிலிருந்து இரண்டும் சம தூரம் இருந்தால் தாளம் சரி. ஒரு பக்கம் நெருக்கமாக இருந்தால் நொண்டி நடைபோல் 'டிக்டக்... டிக்டக்' என்று கேட்கும், சில மணி நேரத்தில் நின்றுவிடும். இதற்காகப் பெட்டியைச் சாய்க்க வேண்டாம். மெஷினின் கம்பியில் இதற்கென்றே சின்னத் திருகு இருக்கிறது, அதைத் திருப்பினால் நங்கூரம் பக்கவாட்டில் நகரும். காது போதவில்லை என்றால் கைப்பேசியில் ஒலிப்பதிவு செய்து அலைக்கோட்டைப் பாருங்கள், இடைவெளிகள் சமமா என்று கண்ணுக்கே தெரியும். சரியானதும் பெட்டியின் அடியில் இருக்கும் இரண்டு கூர்த்திருகுகளைச் சுவரில் படும்வரை முடுக்கிவிடுங்கள்.

அந்தத் திருகு இல்லாமல் மாட்டிய கடிகாரங்களில் விசித்திரமான ஒரு நோய் வரும்: வாரத்தில் ஒரே கிழமையில் நிற்கும். குண்டு இறங்கி இறங்கி, பெண்டுலத்தின் நீளத்துக்கு ஏறக்குறைய சமமாகக் கயிறு வரும் நாளில், பெட்டியின் அசைவால் குண்டும் சேர்ந்து ஆடத் தொடங்குகிறது. பெண்டுலத்தின் சக்தியைக் குண்டு குடித்துவிடும். மெஷினைப் பிரித்துக் கழுவி மாட்டினாலும் அடுத்த வாரம் அதே கிழமையில் நிற்கும். பெட்டியை அசையாமல் பிடித்தால் தீரும்.

நேரம் சரிசெய்ய ஒரு எண்ணை மட்டும் மனதில் வையுங்கள்: 56 செ.மீ. பெண்டுலத்தில் ஒரு மில்லிமீட்டர் என்பது நாளுக்கு ஏறக்குறைய 77 வினாடி. கீழே இருக்கும் மரை ஒரு சுற்றுக்கு அரை மில்லிமீட்டர் ஏறுமானால் ஒரு சுற்று நாளுக்கு 40 வினாடிக்குச் சற்றுக் குறைவு. தட்டு ஏறினால் வேகம், இறங்கினால் தாமதம். ஒருமுறை திருப்பினால் 24 மணி நேரம் விட்டுவிட்டுத்தான் அடுத்த திருப்பு.

இதில் ஒரு சுவாரஸ்யம் உண்டு. சிலேசியாவில் நேரம் வைத்து அனுப்பிய பெண்டுலத்தை அப்படியே சென்னையில் தொங்கவிட்டால் நாளுக்கு இரண்டு நிமிடம் தாமதமாகும். பூமத்திய ரேகைக்கு அருகில் ஈர்ப்பு சற்றுக் குறைவு. 1672-ல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிஸ் பெண்டுலத்தைத் தென் அமெரிக்காவின் கயெனுக்கு எடுத்துப்போய் நாளுக்கு இரண்டரை நிமிடத் தாமதத்தைக் கண்டதும் இதனால்தான். ஆகவே நம் ஊரில் நெடுநாள் ஓடிய பெக்கரில் தட்டு ஒன்றரை மில்லிமீட்டர் அளவுக்கு மேலே ஏறியிருக்கும். பெண்டுலத்தின் மரத் தண்டு வெயிலுக்கு எஃகைவிடக் குறைவாகவே நீளும், அதனால்தான் அதைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் ஈரத்தை உறிஞ்சினால் நீளும். தண்டின் அரக்குப் பூச்சைச் சுரண்டி மரத்தை "இயற்கையாக" விடுகிறவர்கள் ஐப்பசி மழையில் வித்தியாசத்தைப் பார்ப்பார்கள்.

விலை பற்றி: கண்ணாடிக் கதவைத் திறக்காமல் எடுத்த படங்களை மட்டும் வைத்து விலை சொல்வது நியாயமில்லை. ஒன்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள், தொழிற்சாலை வகை இரட்டைக் குண்டுக்கு ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இருபது வருஷம் முன்பிருந்த மவுசு இன்று இல்லை. வெளிநாட்டு இணையதளத்தில் கேட்கும் விலையைக் காட்டிப் பேரம் பேசினால், ஏலத்தில் போன விலையைக் காட்டச் சொல்லுங்கள். பின்பலகை, பெண்டுலம், குண்டு மூன்றும் தேறி, புஷ் வேலை மட்டும் பாக்கி என்றால் அந்தச் செலவைக் கழித்துக்கொண்டு வாங்கலாம். பெட்டி தேக்கு, மெஷின் பெக்கர் என்றால் மெஷினுக்கு மட்டும் விலை பேசுங்கள். முகப்புக் கிரீடம் காணாமல் போயிருப்பதைப் பெரிதாக எடுக்க வேண்டாம், கடைசல் தச்சர் செய்து தருவார். பெண்டுலமும் குண்டும் காணாமல் போயிருந்தால்தான் தேடித் தேடி அலைய நேரும்.

தம்பிக்கு அனுப்புவது நடக்காது என்றே வைத்துக்கொள்ளுங்கள். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள்கள், கலைப் பொக்கிஷங்கள் சட்டப்படி நூறு ஆண்டுக்குக் குறையாத கைவினை, அறிவியல் பொருள்கள் தொல்பொருள் வரையறைக்குள் வர முடியும். தொல்பொருளைத் தனியார் நாட்டைவிட்டு வெளியே கொண்டுபோகக் கூடாது. வயது குறைவான பொருளுக்குத் 'தொல்பொருள் அல்ல' என்ற சான்றை இந்தியத் தொல்லியல் துறை தரும். ஆனால் உங்கள் கடிகாரத்தின் பின்தகட்டு எண்ணே அதற்கு 130 வயதுக்கு மேல் என்று சொல்கிறது. பெட்டிக்குள் "அலங்காரப் பொருள்" என்று எழுதி அனுப்பித் தருகிறேன் என்று விற்பவர் சொன்னால் மறுத்துவிடுங்கள், சுங்கத்தில் பிடிபட்டால் அனுப்பியவர் பெயர் உங்களுடையது. தம்பிக்கு இதே வகை வேண்டுமென்றால் ஜெர்மனியிலிருந்தே நேராகச் சிங்கப்பூருக்கு வாங்கட்டும். பெண்டுலத்தையும் இரண்டு குண்டுகளையும் தனித்தனிப் பொதியாகக் கட்டி அனுப்பச் சொல்வதை மட்டும் மறக்க வேண்டாம். பெட்டிக்குள்ளேயே குண்டை வைத்து அனுப்பிய கடிகாரம் கண்ணாடித் தூளாகத்தான் வந்து சேரும்.